பன்னெண்டரை அண்ணாச்சியும் எண்ணெய் தேய்த்த எட்டுப் பேரும்

தேனருவியைப் பார்க்க வேண்டும் என்று பதினோரு தடவை கிளம்பி, பதினோரு தடவையும் பார்க்காமலே திரும்பி வந்து, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் தென்காசியில் எங்கள் ஆபீஸில் ரிக்கார்டு கிளார்க்காக இருந்தார். அது எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அவர் பேரையும் கேட்காதீர்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பேர் இருந்தது, அது சம்பளப் பட்டியலோடு சரி. பியூனிலிருந்து ஆபீசர் வரைக்கும் அவர் பன்னெண்டரை அண்ணாச்சிதான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த ஆபீஸில் சேர்ந்தபோது, ஆடி மாதம் சாரல் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குற்றால மலை ஏறுவது வழக்கமாக இருந்தது. கீழே பெரிய அருவி, அதற்கு மேலே இரண்டு மைல் ஏறினால் செண்பகாதேவி, அதற்கும் மேலே காட்டுக்குள் ஆற்றைத் தாண்டிப் போனால் தேனருவி. ஆபீஸில் அண்ணாச்சிக்குக் கடைசி நாற்காலி. மலையில் மட்டும் அவர்தான் கலெக்டர். யாரும் நியமிக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்ட பதவி. வீட்டு அலாரம் டைம்பீஸை மழையில் நனையாமலிருக்கத் துண்டில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்து மூடிக் கொண்டு வருவார். பகல் பன்னிரண்டரைக்கு அது வாளிக்குள்ளிருந்து அலறும். அந்தச் சத்தத்துக்கு மரத்தில் இருக்கிற குரங்கெல்லாம் குதித்து ஓடும். எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்ப வேண்டும். எதிரில் தேனருவியே வந்து நின்றாலும் திரும்ப வேண்டும்.

"ஏறுதது நம்ம கையில இருக்கு. எறங்குதது மலை கையில இருக்கு. ரெண்டு மணிக்கு மேக்க மேகம் கட்டுனா ஆத்துல எப்பத் தண்ணி வரும்னு யாருக்கும் தெரியாதுவே" என்பார்.

இதை அவர் ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வருஷா வருஷம் சொன்னால் பற்றிக்கொண்டு வருமா வராதா?

சரி, பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஏனென்றால் அவருடைய இரண்டாவது சட்டம், மெதுவாக நடக்கிறவன்தான் முன்னால் போக வேண்டும். எங்களில் மெதுவாக நடப்பவர் ஹெட்கிளார்க். நல்ல கனத்த சரீரம். அதோடு மூச்சு இளைப்பு வேறு. பத்து அடிக்கு ஒரு தடவை நிற்பார், இருபது அடிக்கு ஒரு தடவை வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார். அவருக்குப் பின்னால் வாலிபப் பிள்ளைகள் நாங்கள் தேர் இழுக்கிற மாதிரி நின்று நின்று போவோம். "முன்னால போறவனுக்குப் பின்னால வாறவன் கஷ்டம் தெரியாது. அதனாலதான் கஷ்டப்படுதவரை முன்னால விட்டிருக்கேன்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மூன்றாவது சட்டம், ஜோடி. எட்டுப் பேரை நாலு ஜோடியாகப் பிரித்துவிடுவார். உன் ஜோடி எங்கே என்று எப்போது கேட்டாலும் கை நீட்டிக் காட்ட வேண்டும். எனக்கு ஜோடி ஹெட்கிளார்க். கொடுமை அதுவல்ல. டைப்பிஸ்ட்டையும் டெஸ்பாட்ச் கிளார்க்கையும் ஒரு ஜோடியாகப் போட்டார் பாருங்கள், அதுதான் கொடுமை. அந்த இரண்டு பேரும் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று அஞ்சு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

"ஏன் அண்ணாச்சி, இவனுவளைப் போயி..." என்று இழுத்தேன்.

"சேக்காளியா இருந்தா பேசிக்கிட்டே போயிப் பள்ளத்துல விழுந்திருவானுவ. விரோதின்னா அவன் எங்கன நிக்கான், என்ன செய்யுதான்னு கண்ணுலயே வச்சிருப்பான்."

அது என்னவோ உண்மைதான். ஒருத்தன் மூக்கைச் சிந்தினால்கூட மற்றவனுக்குத் தெரிந்திருந்தது.

நாலாவது சட்டம்தான் அவரை ஊரில் சந்தி சிரிக்க வைத்தது. நூறடிக்கு ஒரு தடவை எல்லோரும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். வந்த பாதை திரும்பும்போது வேறு மாதிரி இருக்குமாம், அதனால் அப்போதைக்கப்போது அதன் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மலையில் செய்தால் சரி. இவர் தென்காசி ரத வீதியிலும் இதையே செய்தார். நாலு வீட்டுக்கு ஒரு தடவை நின்று திரும்பி, நிதானமாகப் பார்த்துவிட்டு நடப்பார். ஒரு நாள் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "தினம் எங்க வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கானாமே, எவன்லே அவன்?" என்று கத்தினார். நாங்கள் பதறிப்போனோம். அண்ணாச்சி மெள்ள எழுந்து வந்தார்.

"ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்ல ரெண்டு வேப்பமரம். நடைப்படி மூணு, அதுல நடுப்படி உடைஞ்சிருக்கு. வடகோடியில ரெண்டு ஓடு நகந்து கெடக்கு. வீட்டுக்குள்ள யாரு இருக்கான்னு எனக்குத் தெரியாது சார், நான் அம்புட்டுத்தான் பாத்தேன்."

வந்தவர் முழித்துக்கொண்டு போனார். அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு ஓடுகளை மாற்றியதாகக் கேள்விப்பட்டேன்.

கல்யாணப் பந்தியில் வாசலுக்குப் பக்கத்து இலையில்தான் உட்காருவார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எதிரே மாடு வருகிறது, சைக்கிள் வருகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, நீரே ஓட்டும்" என்று இறங்கி நின்றதும் உண்டு. ஒரு தடவை ஆபீஸில் தீப்பிடித்தால் யார் யார் எந்த ரிக்கார்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பட்டியல் போட்டு ஒத்திகையும் நடத்தினார். நாங்கள் எல்லோரும் கட்டும் கையுமாகத் தெருவில் வரிசையாக நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்துத்தானா ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்க வேண்டும்!

"ஒங்களுக்கு இவுகளை ஆபீஸ்லதான தெரியும்" என்று அண்ணாச்சியின் சம்சாரம் ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்கள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே வீட்டுக்கு எத்தனை வாசல், பொறவாசல் எங்கன போகுதுன்னு எங்க அப்பாட்ட கேட்டுட்டுத்தான் பாயில உக்காந்தாக. மாப்பிளை ஓடிரப் போறாரோன்னு எங்க அம்மைக்குப் பயம் வந்துட்டு."

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். எனக்குச் சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. அது என் மாமனார். பண்பொழிக்காரர். அறுபது வயதில் மாசம் தவறாமல் திருமலைக் கோயில் படியை மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிற மனிதர். ஒவ்வொரு ஆடியிலும் நான் பெண்டாட்டியோடு போய் இறங்கியதும் முதல் கேள்வி, "என்ன மாப்பிளை, தேனருவி இந்த வருசமாவது இருந்த எடத்துலயே இருக்கா?" என்பதுதான். என் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். இப்படியே அஞ்சு வருஷம். மனுஷனுக்கு ரோஷம் வருமா வராதா?

ஆறாவது வருஷம் வந்தது. அது ஹெட்கிளார்க்குக்குக் கடைசிச் சாரல். ஆவணியோடு ரிட்டயர் ஆகிறார். "ஊருக்குப் போயிட்டா இங்கிட்டு யாருவே வரப் போறா? ஒரு தடவை தேனருவியைக் கண்ணால பாத்திரணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைச் சாக்கு வைத்து நான் ஒரு யோசனை செய்தேன். இன்று நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் செண்பகாதேவியில்தான் எங்களுக்கு ஒரு மணி நேரம் வீணாகும். அங்கே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, குளித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். குற்றாலம் போய் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பது எங்கள் ஊரில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்கிற மாதிரி. ஆகவே நான் சொன்னேன்: கீழேயே எண்ணெய் தேய்த்துக்கொள்வோம். ஏறும்போது அது பாட்டுக்கு ஊறட்டும். நேரே தேனருவியில் போய்ச் சீயக்காய் போட்டுக் குளிப்போம். ஒரு மணி நேரம் மிச்சம்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஆளாளுக்குச் சீயக்காய்ப் பொட்டலம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் தலையை ஆட்டவில்லை.

"எண்ணெயோட மலை ஏறப்பிடாதுவே. கை வழுக்கும்."

"கையாலயா அண்ணாச்சி நடக்கப் போறோம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை.

எட்டுப் பேரும் சட்டையைக் கழற்றித் தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் வழிய ஏறினோம். மேலே சாரல் தூறுகிறது, எண்ணெயும் தண்ணீருமாகக் கண்ணில் இறங்கி எரிகிறது. குளித்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு செங்கோட்டைக் கூட்டம் ஒதுங்கி நின்று வழிவிட்டது, மரியாதைக்காக அல்ல, வேட்டியில் எண்ணெய் படாமல் இருக்க. ஒரு குரங்கு டெஸ்பாட்ச் கிளார்க்கின் தோளில் தாவியது, பிடி கிடைக்காமல் முதுகோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தது, பிறகு தன் கையை மோந்து பார்த்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது. செண்பகாதேவி கோயில் பூசாரி, "என்ன சார், எல்லாரும் வடைச்சட்டியில இருந்து நேரா எந்திரிச்சு வாறீயளா?" என்று கேட்டார். டைப்பிஸ்ட் அவரோடு சண்டைக்குப் போகப் பார்த்தான்.

ஆனால் நேரம் மிச்சமானது உண்மை. கோயிலைத் தாண்டி, அதுவரை நாங்கள் போகாத தூரம் போய், ஆற்றைக் கடக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். ஆறு என்றால் அந்த இடத்தில் நம் தெரு அகலம்தான். முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கிடக்கிற கல் கண்ணாடியாகத் தெரிந்தது. அக்கரையில் பாதை காட்டுக்குள் நுழைந்தது. நான் ஆற்றில் கால் வைக்கப் போன நேரம் வாளிக்குள்ளிருந்து டைம்பீஸ் அலறியது.

"திரும்புவோம்" என்றார் அண்ணாச்சி.

என்னால் தாங்க முடியவில்லை. "இன்னும் அரை மைல்தான் அண்ணாச்சி! எத்தனை வருசம் இப்படியே திரும்புதது? நான் கூட்டிட்டுப் போறேன். வாறவங்க வாங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் ஹெட்கிளார்க் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "அடுத்த சாரலுக்கு நான் இல்லைவே. இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்திருதேன்" என்றார், ஏதோ லீவு கேட்கிற மாதிரி.

"சார், போவாண்டாம்."

"ஒரு நாள்வே."

அண்ணாச்சி மேற்கே வானத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் சுற்றியிருந்த கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தார். அதை அவர் வருஷா வருஷம் சுற்றிக்கொண்டு வருவார், நாங்களும் வருஷா வருஷம் எந்தக் கிணற்றில் இறைக்கப் போகிறீர் என்று கேட்போம். ஒரு நுனியை இக்கரை மருத மரத்தில் கட்டினார். மறு நுனியை என்னிடம் கொடுத்து, அக்கரை மரத்தில் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டச் சொன்னார். முழங்கால் தண்ணீருக்குக் கயிறாம்! கடுப்போடு கொண்டுபோய்ச் சுற்றினேன். "இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தும்!" என்று இங்கிருந்து சத்தம் போட்டார். சுற்றினேன்.

"நீங்க வரலையா அண்ணாச்சி?" என்று கேட்டான் டெஸ்பாட்ச்.

"எல்லாரும் அந்தக் கரைக்குப் போயிட்டா இந்தக் கரையில யாருலே இருப்பா? திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போங்க."

நான் தலைவனானேன். என் ராஜ்யம் மொத்தம் ஒரு மணி நேரம் இருந்தது. முதல் பத்து நிமிஷத்தில் வாலிபர்கள் முன்னால் ஓடிவிட்டார்கள். ஹெட்கிளார்க்கும் நானும் கடைசியில். ஓடினவர்கள் ஒரு கவட்டைப் பாதையில் தப்பான பக்கம் போய், அவர்களைத் தேடி நான் போய், என்னைத் தேடி ஹெட்கிளார்க் கூப்பிட்டு, ஒருவழியாக எட்டுப் பேரும் ஒரு பாறையடியில் சேர்ந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்துவிட்டது. சாரல் இல்லை, நல்ல மழை. அப்போதுதான் கேட்டது, அந்தத் திருப்பத்துக்கு அப்பால் ஓவென்று அருவிச் சத்தம். தேனருவி! நூறடி இருக்கலாம், இருநூறு இருக்கலாம்.

ஹெட்கிளார்க் பாறையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் விசில் அடிக்கிறது. உதடு கறுத்துப் போயிருந்தது. "நீங்க போயிப் பாத்துட்டு வாங்கவே. நான் இங்கன இருக்கேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மாமனார் மறந்துபோனார், ரோஷம் மறந்துபோனது. இவரை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தவன் நான். இவருக்கு ஒன்று என்றால் இவர் சம்சாரத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"திரும்புவோம்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்புவது என்றால் எந்தப் பக்கம்? ஏழு பேர் ஏழு பக்கம் கை நீட்டினார்கள். டெஸ்பாட்ச் மட்டும், "வரும்போது அந்தச் சொட்டைப் பாறை நமக்கு வலது பக்கம் இருந்துது. இப்ப இடது பக்கம் வரணும்" என்றான். பத்து வருஷப் பழக்கத்தில் அவன் கழுத்து அவனை அறியாமலே திரும்பிக்கொண்டு வந்திருக்கிறது. அவன் சொன்னால் மறுக்க வேண்டும் என்று டைப்பிஸ்ட் வாயைத் திறந்து, என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டான்.

ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் நாங்கள் கடந்த ஆறு அங்கே இல்லை. வேறு ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம், கிளையும் சருகுமாக உருட்டிக்கொண்டு போகிறது. தண்ணீர் கயிற்றைத் தொட்டுவிட்டது, கயிறு விண்ணென்று நடுங்குகிறது. அக்கரையில் அண்ணாச்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ கத்தினார். ஆற்றின் இரைச்சலில் ஓர் எழுத்துக்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி வராதே வராதே என்று ஆட்டியது மட்டும் தெரிந்தது.

எனக்குத்தான் புத்தி இல்லையே. ஹெட்கிளார்க்கை உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்ற ஒன்றுதான் தலையில் இருந்தது. கயிறு இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். மூன்றாவது அடியில் கால் போயிற்று. கயிற்றை இறுகப் பிடித்தேன். கையில் நாலு மணி நேரமாக ஊறிய நல்லெண்ணெய்! பிடிக்கப் பிடிக்கக் கயிறு விரலுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்தார்கள், வழுக்கியது. கையைப் பிடித்தார்கள், வழுக்கியது. கடைசியில் ஒரு கை என் அரைஞாண் கயிற்றுக்குள் விரலைக் கோத்துக்கொண்டது. ஹெட்கிளார்க்! அந்தக் கனத்த சரீரம் கரையில் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது. என் உடம்பில் எண்ணெயால் வழுக்காத ஒரே பொருள் அந்தக் கறுப்புக் கயிறு. அது அறுந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. வேட்டி மட்டும் எனக்கு முன்னால் குற்றாலம் போய்ச் சேர்ந்தது.

கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கரையில் அண்ணாச்சி முழங்கால் வரை ஆற்றில் இறங்கி நிற்கிறார். நான் எழுந்ததைப் பார்த்ததும் பின்வாங்கிக் கரை ஏறினார். பிறகு நிதானமாக எங்களைப் பார்த்து, உட்காருங்கள் என்று கை காட்டினார். பின்னால் மேட்டைக் காட்டினார். நாங்கள் மேட்டில் ஏறி உட்கார்ந்தோம். ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் ஓரத்தில் ஊன்றினார். எங்களுக்குள் ஹெட்கிளார்க்கைக் காட்டிக் கட்டிப் பிடிக்கிற மாதிரி ஜாடை செய்தார். எல்லோரும் அவரை நடுவில் வைத்து நெருக்கி உட்கார்ந்தோம். ஒரு பக்கம் டைப்பிஸ்ட், மறு பக்கம் டெஸ்பாட்ச், இரண்டு பேர் கையும் அவர் முதுகில். பிறகு அண்ணாச்சி தன் தலையைப் பரபரவென்று தேய்த்துக் காட்டினார். கையைத் தேய்த்தார், காலைத் தூக்கிப் பாதத்தைத் தேய்த்தார்.

"மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா? இப்பப் போயிக் குளிக்கச் சொல்லுதாரு" என்றான் டைப்பிஸ்ட்.

"சீயக்காய்லே மூதி! கையில இருக்க எண்ணெயை எடுக்கச் சொல்லுதாரு!" என்று டெஸ்பாட்ச் கத்தினான். அஞ்சு வருஷத்தில் அவன் டைப்பிஸ்ட்டிடம் பேசிய முதல் வார்த்தை அது. டைப்பிஸ்ட் கோபித்துக்கொள்ளவில்லை. மடியை அவிழ்த்துத் தன் பொட்டலத்தில் பாதியை அவனுக்குக் கொட்டினான்.

அந்த மழையில் எட்டு கெஜட்டெட் அல்லாத அரசு ஊழியர்கள் உட்கார்ந்து உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். ஹெட்கிளார்க்கின் கையை நான் தேய்த்துவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்லாத் தேயும்வே, ரிட்டயர்மெண்டுக்கு முந்தி கடைசிச் சேவகம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

எங்களுக்கு எதிரே அண்ணாச்சி இரண்டரை மணி நேரம் நின்றார். உட்காரவே இல்லை. குச்சியைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், விரலை நீட்டி எட்டுப் பேரையும் எண்ணுவார். அவர் எண்ணுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்தது. எதிர்க்கரையில் ஒருத்தர் நிற்கிறார் என்பதில் அவ்வளவு தைரியம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

மழை விட்டது. தண்ணீர் குச்சியை விட்டு ஒரு முழம் இறங்கி, கல் மறுபடி தலை காட்டிய பிறகுதான் அவர் அசைந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் நடுவுக்கு வந்து காலை அகட்டி நின்றார். இடுப்பளவு தண்ணீர். முதலில் ஹெட்கிளார்க்கைக் கேட்டார். நாங்கள் இரண்டு பேர் இங்கிருந்து பிடித்து நகர்த்த, அங்கே அவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு ஜோடியாக. சீயக்காய் போட்ட கை கயிற்றில் பிசின் மாதிரி நின்றது. கடைசி ஆள் நான். கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன், எட்டுப் பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

கரையேறியதும் ஒவ்வொருத்தர் தலையிலும் கை வைத்து எட்டு வரை எண்ணினார். எண்ணி முடித்ததும் மருத மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் உட்காராத மனிதர்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல எறங்குவோம்வே. சாருக்கு மூச்சு எப்படி இருக்கு பாரும்" என்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கும் திட்டவில்லை, திங்கட்கிழமை ஆபீஸிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் போன கதையை அவர் வாயிலிருந்து வெளியாள் ஒருத்தர் கேட்டதில்லை.

அந்தி நேரத்துக்குக் குற்றாலம் வந்து, தென்காசி, பாவூர்சத்திரம் வழியாகப் போகிற திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்தோம். என் இடுப்பில் டெஸ்பாட்ச்சின் துண்டு. அண்ணாச்சி டிரைவர் பக்கம் போகவில்லை. ஹெட்கிளார்க்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பி ஐந்து நிமிஷத்தில் அவர் தலை சாய்ந்து ஹெட்கிளார்க்கின் தோளில் விழுந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எத்தனையோ பிரயாணம் அவரோடு போயிருக்கிறேன், அவர் கண்ணை மூடி அன்றைக்குத்தான் பார்த்தேன். ஹெட்கிளார்க்குக்கு இளைப்பு இன்னும் முழுக்கத் தணியவில்லை. ஆனாலும் தோள் அசையாமல் இருக்க மூச்சைப் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டிருந்தார்.

"தென்காசி! தென்காசி எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். ஹெட்கிளார்க் உதட்டில் விரலை வைத்தார். எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன சார், ஒம்பது பேரும் எறங்கலையா?"

"மெள்ளப் பேசும்வே" என்றார் ஹெட்கிளார்க். "ஒம்பது பேருக்கும் பாவூர்சத்திரத்துக்கு டிக்கெட் கிழியும்."

"இந்த நேரத்துல பாவூர்சத்திரத்துல என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்லை. கிழியும்."

கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியில்லாமல் துண்டோடு உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு விசிலைக்கூட மெதுவாக ஊதினார்.

பாவூர்சத்திரம் வந்தது. அங்கேயும் அவரை எழுப்ப எங்களில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.